25 சதவீதம் உச்சவரம்புதான், சம்பளம் இல்லை

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதி வாசகி ஒருவரின் கேள்வி: 19 மாதங்களுக்கு முன் ஹிகின்சன் நெடுஞ்சாலையில் ஒரு மினிபஸ் டாக்சி என் கணவரை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. யாரோ வண்டி எண்ணைக் குறித்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒருவர் வந்து, நஷ்டஈடு வாங்கித் தருவதாகச் சொல்லித் தாள்களில் கையெழுத்து வாங்கினார். இப்போது வக்கீல் அலுவலகத்தில் 25 சதவீதமும் செலவும் தங்களுக்கு என்கிறார்கள். ஒப்பந்த நகல் தரவில்லை. வேறு வக்கீலிடம் போனால் ஃபைல் கிடைக்காது என்கிறார்கள். இது முறையா?

முறையில்லை, அம்மா. முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்ற ஏற்பாட்டுக்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. வக்கீல் தன் வழக்கமான கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு வரை கேட்கலாம். அதுவும் கிடைத்த தொகையில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் அவருக்கு. உங்களுக்கு 8 லட்சம் ரேண்ட் வருகிறது, செய்த வேலைக்கு வழக்கமான கட்டணம் 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எடுக்கக்கூடியது 1,20,000. கண்ணை மூடிக்கொண்டு 25 சதவீதம் எடுத்தால் 2 லட்சம். உங்கள் கணவரின் காயத்துக்கு வந்த பணத்தில் 80,000 போய்விடும்! இந்தச் சட்டத்துக்கு வெளியே போடும் தனி ஒப்பந்தம் செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றமே 2014-இல் உறுதி செய்துவிட்டது. மருத்துவ நிபுணர் அறிக்கை போன்ற செலவுகளைத் தனியாகக் கேட்கலாம், ஆனால் பில் காட்ட வேண்டும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட 14 நாளுக்குள் விலகவும் உரிமை உண்டு. நகலே தராவிட்டால் இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? சமரசத் தொகை வரும்போது, எல்லாம் விளக்கப்பட்டது, புரிந்தது என்று உங்களிடம் பிரமாணப் பத்திரம் வாங்குவார்கள். வாசலில் நிற்கவைத்து நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த ஆள் ஒரு புரோக்கர். ஆள் பிடித்துத் தருபவருக்கு வக்கீல் காசு கொடுப்பதும், கட்டணத்தில் பங்கு தருவதும் தொழில் ஒழுக்க விதிகளின்படி குற்றம். கட்டுப் போட்டுப் படுத்திருப்பவனிடம் பேனாவை நீட்டுகிறார்கள். வார்டில் இருக்கும் எல்லோருக்கும் இவர்களைத் தெரியும், ஆனாலும் யாரும் தடுப்பதில்லை. புகார் வந்தால் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கும் முறையை என்னால் ஏற்க முடியவில்லை. அடிபட்டவன் எப்போது எழுந்து புகார் எழுதுவது? சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு நஷ்டஈடு தரும் அரசு அமைப்பான சாலை விபத்து நிதியத்திடம் நீங்களே நேரடியாக மனுப் போடலாம், கட்டணம் கிடையாது என்பதையும் இந்தப் புரோக்கர்கள் சொல்லமாட்டார்கள்.

வக்கீலை மாற்ற உங்களுக்கு எப்போதும் உரிமை உண்டு. பழைய வக்கீல் தனக்கு வரவேண்டிய பாக்கிக்காக ஃபைலைப் பிடித்து வைக்கலாம். வழக்கு முடிந்ததும் அதைத் தீர்ப்பதாகப் புதிய வக்கீல் எழுதிக் கொடுத்து ஃபைலை வாங்குவதுதான் வழக்கம்.

என் பெரிய கவலை அந்த வண்டி எண். இடித்த வண்டி யாருடையது அல்லது ஓட்டியவர் யார் என்று தெரிந்தால், நிதியத்தில் மனுத் தாக்கல் செய்ய 3 ஆண்டு உண்டு. இரண்டுமே தெரியாவிட்டால் 2 ஆண்டுதான். எண் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது போலியாக இருக்கலாம், குறித்தவர் ஒரு எழுத்தை மாற்றி எழுதியிருக்கலாம். அப்படி ஆனால் அது அடையாளம் தெரியாத வண்டிதான், உங்களுக்கு மிச்சம் 5 மாதம். எண் சரியா என்று போலீஸ் விசாரிக்கட்டும், அதற்காகக் காத்திருக்காதீர்கள். 2 ஆண்டுதான் கெடு என்று நினைத்தே நடங்கள். முன்கூட்டியே தாக்கல் செய்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஒரு நாள் தவறினால், வக்கீலின் அலட்சியத்துக்காக அவர்மேல் வழக்குப் போடுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

ஆகவே இந்த வாரமே அந்த அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: ஒப்பந்த நகல், மனுத் தாக்கல் செய்த தேதி, நிதியம் தந்த மனு எண். நிதியத்துக்கும் நீங்களே போன் செய்து சரிபாருங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் வக்கீல்களைக் கண்காணிக்கும் சட்டத் தொழில் கவுன்சிலில் புகார் கொடுங்கள். அது மெதுவாகத்தான் நகரும். அதற்குள் புதிய வக்கீலைப் பார்த்து, ஃபைல் சண்டையைப் பிறகு வைத்துக்கொண்டு முதலில் மனுவைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.