கேள்வி – பதில்: காருக்குக் கூடுதல் எர்த் ஒயர்

கேள்வி: பழைய கார். ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, ஹெட்லைட்டும் மங்கல். வீட்டிலேயே எர்த் ஒயர் கூட்டலாமா?

பதில்: கூட்டலாம், முதலில் அளந்து பாருங்கள். எர்த் ஒயர் என்பது பேட்டரியின் நெகட்டிவை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் ஒயர். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும் (அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் அல்ல) மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் பிடியுங்கள். ஒருவர் ஸ்டார்ட் செய்யும்போது 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாகவே இருக்கிறது; புது ஒயரால் பயனில்லை, பேட்டரியையும் பாசிட்டிவ் பக்கத்தையும் பாருங்கள். 0.5-ஐத் தாண்டினால் எர்த்தில்தான் கோளாறு. பெரும்பாலும் பழைய லக்கின் (ஒயர் முனையில் போல்ட் மாட்டும் உலோக வளையம்) அடியில் துருவே இருக்கும்.

சுத்தம் செய்தும் குறையவில்லையா? 25 சதுர மி.மீ. பல இழை செம்பு ஒயர், போல்ட்டுக்குப் பொருந்தும் லக். சால்டரை நம்பாமல் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது லக்கை ஒயரின் மேல் கருவியால் நசுக்கி இறுக்குங்கள். நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பிளாக்கிலிருந்து பாடிக்கு ஒன்று, பாடியிலிருந்து பேட்டரிக்கு ஒன்று. லக் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைப் பளபளவென உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள். முறுக்கிய பிறகே மேலே வாசலின். இன்ஜின் ஆடும், ஒயரைச் சற்றுத் தளர்வாக விடுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் போகவே வேண்டாம்.

நெகட்டிவ் கிளாம்ப்பில் கரன்ட்டை அளக்கும் சென்சார் இருந்தால், புது ஒயரைத் தூணில் மாட்டாதீர்கள்: அதன் வழியே போகும் கரன்ட் சென்சார் கணக்கில் வராது, சார்ஜிங் குழம்பும். சென்சார் எர்த் ஆகும் பாடி போல்ட்டிலேயே மாட்டுங்கள்.