முதலில் காற்றைப் பாருங்கள்: டபுள்ஸ் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பைக்கைத் தனியாக ஓட்டப் பழகியாச்சு, இப்போது பின்னால் ஆள் ஏற்ற வேண்டும். முகூர்த்த மாதம் முடிந்த கையோடு வந்த கடிதங்கள் என்பதால் காரணம் கேட்க வேண்டியதில்லை. வண்டி பெயர், ஏறுபவரின் எடை, எந்த ரோடு, எதுவும் சொல்லாமல் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பியவர்களை ஒதுக்கிவிட்டேன். சாம்பிளுக்கு ஒருவரை மட்டும் கடைசியில் வைத்திருக்கிறேன்.

எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) வாங்கிவிட்டேன். நண்பனைப் பின்னால் வைத்து ஓட்டலாமா? – கல்லூரி மாணவர், திருச்சி

கூடாது. எல்எல்ஆரோடு ஓட்டும்போது பின்னால் உட்காரலாம் என்றால், லைசென்ஸ் உள்ள, உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆள் மட்டும்தான். நண்பனுக்கும் எல்எல்ஆர்தான் என்று கடிதத்தின் கீழே எழுதியிருக்கிறீர்கள். அது எந்தக் கணக்கில் சேர்த்தி?

ஸ்ப்ளெண்டர் ஓட்டி மூன்று மாதம் ஆகிறது. அப்பா 90 கிலோ. அவர் ஏறினால் கிளம்பும்போதே ஹேண்டில் இழுக்கிறது, தெருமுனை திரும்புவதற்குள் எனக்கு வியர்த்துவிடுகிறது. – கரூர்

முதல் ஆளாக அப்பாவை ஏற்றியதுதான் தப்பு. வண்டியே மொத்தம் 110 கிலோ சொச்சம். அதன் பின் சக்கரத்துக்கு மேலே 90 கிலோ உட்கார்ந்தால் முன் சக்கரம் லேசாகத்தான் ஆகும். உங்கள் எடையோ அதற்குக் குறைவோ உள்ள, தானும் வண்டி ஓட்டத் தெரிந்த ஒரு நண்பனை ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். கிளம்புங்கள், நிறுத்துங்கள், மறுபடி கிளம்புங்கள். ஆர்டிஓ ஆபீஸில் லைசென்ஸுக்குப் போட்டீர்களே ஒரு எட்டு, அதையே இப்போது ஆளோடு போடுங்கள். தனியாகப் போட்டபோது வராத பயம் அப்போது வரும். வரட்டும், மைதானத்திலேயே வந்து போகட்டும்.

அதற்கும் முன்னால் காற்றைப் பாருங்கள். செயின் கவரிலோ அதன் பக்கத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஒற்றை ஆளுக்கு இவ்வளவு, இரண்டு ஆளுக்கு இவ்வளவு என்று. நூறு சிசி வண்டிகளில் பின் டயருக்குத் தனியாளுக்கு 28 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்றால் டபுள்ஸுக்கு 40 பக்கம் கேட்கும். 150 சிசி வண்டிகளில் வித்தியாசம் குறைவு, 28, 32 என்று போகும். பங்க்சர் கடையில் நீங்கள் வாய் திறக்காவிட்டால் எல்லா வண்டிக்கும் ஒரே காற்றுதான், அதனால் நம்பரைச் சொல்லிப் பிடியுங்கள். பிறகு பின் ஷாக் அப்சார்பர். அதில் ஐந்து படி இருக்கும், கனமான ஆள் என்றால் இரண்டு படி ஏற்றி வைக்கச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் ஒரே படியில். ராத்திரியில் அப்பா ஏறியதும் ஹெட்லைட் தென்னை மட்டையைப் பார்த்தால் அதையும் கொஞ்சம் இறக்க வேண்டும்.

ஏற்றும் முறை இதுதான். வண்டி நியூட்ரலில், உங்கள் இரண்டு காலும் தரையில், கை முன் பிரேக்கில். "ஏறலாமா?" என்று அவர் கேட்க வேண்டும். "ஏறுங்க" என்று நீங்கள் சொல்ல வேண்டும். உட்கார்ந்து, கால் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்த பிறகு "ஏறியாச்சு" என்று அவர் சொல்ல வேண்டும். இந்த மூன்று வார்த்தையும் வராமல் கியர் போடாதீர்கள். இறங்கும்போதும் அதே மாதிரி கேட்டுத்தான் இறங்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது உதவி செய்வதாக நினைத்து அப்பா காலைக் கீழே ஊன்றுவார். வேண்டாம் என்று இப்போதே பணிவாகச் சொல்லிவிடுங்கள், வண்டி சாய்வதற்கு அதுவே பாதிக் காரணம்.

பிரேக் போடும்போதெல்லாம் தம்பியின் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் முட்டுகிறது. அவனை எப்படி உட்காரச் சொல்வது?

தம்பியை விடுங்கள், உங்கள் கையைச் சொல்லுங்கள். பிரேக்கைக் கடைசி நேரத்தில் கவ்விப் பிடிக்கிறீர்கள், கிளட்ச்சையும் அப்படியேதான் விடுகிறீர்கள் போலிருக்கிறது. ஆள் இருக்கும்போது வண்டி நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும். முன்னால் போகும் வண்டிக்கு விடும் இடைவெளியை ஒன்றரை மடங்காக்கி, முன்கூட்டியே மெதுவாக அழுத்த ஆரம்பியுங்கள். பின்னால் எடை இருப்பதால் பின் பிரேக் தனியாகப் போகும்போது பிடிப்பதைவிட நன்றாகவே பிடிக்கும், இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். முட்டல் நின்றுவிட்டால் ஓட்டுவது தேறிவிட்டது என்று அர்த்தம்.

வளைவில் நான் இடப்பக்கம் சாய்ந்தால் மனைவி வலப்பக்கம் சாய்கிறார். விழுந்துவிடுவோம் என்ற பயமாம். – தேனி

சாயவே சொல்லாதீர்கள். இடப்பக்கம் திரும்பினால் உங்கள் இடது தோளுக்கு மேலே ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், வலப்பக்கம் என்றால் வலது தோள். பார்வை போன பக்கம் உடம்பு தானாகப் போகும். கை உங்கள் இடுப்பில் இருக்கட்டும். தோளைப் பிடித்தால் அந்த ஆட்டம் முழுக்க ஹேண்டிலுக்கு வந்து சேரும்.

என் பைக்கில் சாரி கார்டு (சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுப்பது), பின் கைப்பிடி இரண்டையும் கழற்றிவிட்டு டெயில் டைடி (நம்பர் பிளேட்டுக்கான சின்னத் தாங்கி) போட்டிருக்கிறேன், லுக் செமையாக இருக்கும். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். மனைவி சேலையில் ஒருபக்கமாக உட்கார்ந்தால் பேலன்ஸ் எப்படிப் பிடிப்பது? – சேலம்

வாழ்த்துகள். கழற்றிய இரண்டையும் பரணிலிருந்து தேடி எடுத்து மாட்டிவிட்டு மேலே படியுங்கள்.

இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வரும், வருஷக்கணக்காக வந்துகொண்டிருக்கிறது. புது வண்டி எடுத்த மறுநாளே பையன்கள் வந்து "அண்ணே, அந்த அசிங்கத்தைக் கழற்றிடுங்க" என்பார்கள். அந்த அசிங்கம் கம்பெனிக்காரன் அழகுக்காக வைத்தது இல்லை. மத்திய மோட்டார் வாகன விதி 123ஐ எடுத்துப் பாருங்கள், பின்னால் உட்காருபவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், உடை போய்ச் சிக்காமல் பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, மூன்றும் இருந்தே ஆக வேண்டும் என்று இருக்கிறது. மூன்றுமே பின்னால் இருப்பவருக்காக. அவருக்கு ஹேண்டில் இல்லை, பிரேக் இல்லை, எதிரே என்ன வருகிறது என்பதும் உங்கள் முதுகுக்கு அப்பால். சட்டம் அவருக்குக் கொடுத்த மூன்றே மூன்று பொருளில் இரண்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, பேலன்ஸ் எப்படி என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

ஒருபக்கமாக உட்காருவதைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதுதான் நல்லது, சுடிதார் போட்டிருந்தால் அதற்குத் தடையே இல்லை. நம் ஊரில் சேலை கட்டியவர்கள் ஒருபக்கமாகத்தான் உட்காருவார்கள், அதை நான் ஒரு பத்தி எழுதி மாற்றிவிட முடியாது. அப்படி உட்கார்ந்தால் எடை இடப்பக்கம் இழுக்கும், தொடையால் கவ்விப் பிடிக்கவும் வழியில்லை. ஒரு கை உங்கள் இடுப்பில், ஒரு கை பின் கம்பியில், கால் ஃபுட்ரெஸ்ட்டில், மடியில் பையோ குழந்தையோ இல்லாமல் என்றால்தான் கொஞ்சமாவது பிடிமானம். நீங்களோ அந்தக் கம்பியைத்தான் கழற்றியிருக்கிறீர்கள்!

முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிய பிறகுதான் வண்டி நகர வேண்டும். ஷாலை முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டுவிட வேண்டும். சாரி கார்டு இருப்பது இடப்பக்கம் மட்டும், வலப்பக்கம் பெரும்பாலான வண்டிகளில் சக்கரம் திறந்துதான் கிடக்கிறது. ஷால் அந்தப் பக்கம் தொங்கினால் கம்பிகளுக்கு நடுவே போய்ச் சுருட்டிக்கொள்ளும். கழுத்தில் இருப்பது ஷால், சுருட்டுவது சக்கரம், அதற்கு மேல் நான் எழுத வேண்டாம்.

அப்புறம் வேகத்தடை. முன் சக்கரம் ஏறி இறங்குவது உங்களுக்குத் தெரியும், கையில் ஹேண்டிலும் இருக்கிறது. பின்னால் இருப்பவர் உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய பின் சக்கரத்துக்கு மேலே, அது ஏறும்போது வரும் உதை நேராக அவருக்குத்தான். வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடைக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. என் இருபத்திரண்டு வயதில், அம்மாவை வைத்துக்கொண்டு ஒரு வேகத்தடையை அப்படியே தாண்டினேன். பேச்சுக் கொடுத்துக்கொண்டே போகிறேன், பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் சீட் காலி. அரை பர்லாங் பின்னால் அம்மா ரோட்டோரம் உட்கார்ந்து முழங்கையை ஊதிக்கொண்டிருந்தார். சிராய்ப்போடு போனது அவர் செய்த புண்ணியம். அதற்குப் பிறகு பத்து வருஷம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் அவர் பந்தியில் உட்கார்ந்ததில்லை. அதே மாதிரி விழுந்து, தலையில் அடிபட்டு, திரும்ப எழாத அம்மாக்களைப் பற்றிப் பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலி சீட்தான் ஞாபகம் வரும்.

அதனால் வேகத்தடையைப் பார்த்ததும் "ஸ்பீடு பிரேக்கர்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நடக்கிற வேகத்துக்குக் குறைத்து, சக்கரம் ஏறும் நேரத்தில் பிரேக்கை விட்டு, மெதுவாக உருட்டி இறக்குங்கள். அவருக்கும் ஹெல்மெட் வாங்கியாச்சா? நீங்கள் எழுதியிருக்கும் கல்யாணச் செலவுக் கணக்கில் அது இல்லை.

பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் அவசியமா? கடை ரெண்டு கிலோமீட்டர்தான். – மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்

அவசியம். சென்னை உயர் நீதிமன்றம் 2015லேயே இரண்டு பேருக்கும் கட்டாயம் என்று சொல்லியாச்சு, இப்போது அபராதம் 1,000 ரூபாய். ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக, தாடைக்குக் கீழே பட்டை மாட்டி. கையில் மாட்டிக்கொண்டு வந்தால் முழங்கைக்குத்தான் பாதுகாப்பு.

பைக் கற்று ஒரு மாதம். மனைவியோடு கொல்லிமலை போகலாம் என்று இருக்கிறோம். டிப்ஸ் ப்ளீஸ். – ஈரோடு

70 கொண்டை ஊசி வளைவு சார். முதலில் மளிகைக் கடைக்குப் போய் வாருங்கள், பிறகு பக்கத்து ஊர், பிறகு நான்கு வழிச்சாலையில் ஒரு மணி நேரம். அதெல்லாம் சலித்த பிறகு ஏற்காடு, சேலம் பக்கமிருந்து 20 வளைவு. கொல்லிமலை எங்கேயும் போய்விடாது. போகிற நாளில், இறங்கும்போது முதல் அல்லது இரண்டாவது கியர்தான். பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக நினைத்து இன்ஜினை அணைத்தோ நியூட்ரலிலோ இறங்காதீர்கள். இரண்டு பேர் எடையை அவ்வளவு நேரம் பிரேக் மட்டுமே தாங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். வளைவில் பஸ் வந்தால் ரோடு முழுக்க அதற்குத்தான், ஒதுங்கி நில்லுங்கள். கிளம்பும் முன் காற்று, மறுபடி சொல்கிறேன்.

ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். அம்மாவை ஏற்றிக்கொண்டு யூ டர்ன் போடத் தெரியவில்லை, காலைத் தேய்த்துக்கொண்டே திரும்புகிறேன். – வாசகி, மதுரை

பலருக்கும் இருக்கிற சிக்கல்தான். ஸ்கூட்டரில் இன்ஜினும் பின்னால், அம்மாவும் பின்னால், அதனால் மெதுவாகப் போகும்போது முன்பக்கம் அலையும். ஆக்சிலேட்டரை முழுக்க விட்டுவிட்டால் அலைச்சல் அதிகமாகும். லேசாகக் கொடுத்துக்கொண்டே இடது கை பிரேக்கை உரசினாற்போல் பிடித்துத் திரும்புங்கள். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் தரையைப் பார்க்காமல் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். காலைத் தேய்க்கும் பழக்கம் இன்றே நிற்க வேண்டும், கணுக்கால் மடங்கும். அம்மா உட்கார்ந்ததும் மடக்கு ஃபுட்ரெஸ்ட்டை விரித்தாரா என்று பாருங்கள், நிறையப் பேர் காலைத் தொங்கவிட்டே வருகிறார்கள். காய்கறிப் பை கீழே கொக்கியில், ஹேண்டிலில் வேண்டாம்.

மனைவி, இரண்டு வயதுக் குழந்தை, நான். குழந்தையை டேங்க் மேல் உட்காரவைக்கலாமா?

வேண்டாம். நீங்கள் பிரேக் போட்டால் குழந்தைக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை, ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், தலைக்கு அளவான ஹெல்மெட், வேகம் 40க்கு மேல் கூடாது என்று 2023லிருந்து விதியே இருக்கிறது. இரண்டு பெரியவர்களும் குழந்தையுமாக என்றால் பஸ்ஸோ ஆட்டோவோ பாருங்கள்.

பின்னால் இருப்பவருக்கு அடிபட்டால் இன்சூரன்ஸ் வருமா? – விழுப்புரம்

உங்களிடம் இருப்பது வெறும் தேர்டு பார்ட்டி என்றால், உங்கள் வண்டியின் பாலிசியிலிருந்து அவருக்கு வராது. உச்ச நீதிமன்றமே 2006ல் அப்படித்தான் சொன்னது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் அவரும் அடக்கம். பணம் மிச்சம் என்று குறைந்த பாலிசி எடுத்துவிட்டு டபுள்ஸ் போகிறவர்கள் இதை இன்னொரு தரம் படிக்கவும்.

டபுள்ஸ் போனா வண்டி ஆடுது ஏன்?

முழுக் கடிதமும் இவ்வளவுதான், ஊரும் இல்லை, வண்டியும் இல்லை. பின் டயர் தேய்ந்திருக்கலாம், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் போயிருக்கலாம், வீல் பேரிங் விளையாடலாம், பின்னால் இருப்பவர் செல்போன் பார்த்துக்கொண்டு வரலாம். காற்று பார்த்தீர்களா? பார்த்துவிட்டு, வண்டி பெயரோடு மறுபடி எழுதுங்கள்.