பிளக் மாற்றியும் மிஸ்ஸிங் நிற்காத பழைய மாருதி 800

கேள்வி: 1998 மாருதி 800, கார்புரேட்டர் மாடல். சிக்னலில் நிற்கும்போது மிஸ்ஸிங் அடிக்கிறது, மேட்டில் இழுவை இல்லை. மூன்று பிளக்கும் புதிது. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

வேண்டாம். மிஸ்ஸிங் என்றால் சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் விட்டுப்போவது. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று தெரியும்வரை ஒரு ரூபாய்க்குக்கூட சாமான் வாங்காதீர்கள். பிளக் போட்டவர் கையோடு கார்புரேட்டரில் பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவையும் திருகிவிட்டிருப்பார் என்பது என் யூகம். அது எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, இருந்த இடத்துக்கே திருப்பி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு தொடாதீர்கள்.

"ஸ்கேனர் மாட்டினால் ஐந்து நிமிஷத்தில் தெரியுமே" என்று யாராவது சொல்வார்கள். இந்த வண்டியில் ஸ்கேனர் மாட்ட இடமே கிடையாது. கை, காது, மல்டிமீட்டர் போதும்.

முதலில் இது மிஸ்ஸிங்தானா என்று உறுதி செய்யுங்கள். மூன்று சிலிண்டர் எஞ்சின் ஸ்லோவில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) கொஞ்சம் ஆடத்தான் செய்யும். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் போயிருந்தால் இன்னும் ஆடும். சைலன்சர் வாயருகே ஒரு தாளைப் பிடியுங்கள். புகை சீராகத் தள்ளினால் ரப்பரைப் பாருங்கள். ஒழுங்காக ஒரு துடிப்பு விட்டுப்போனால் ஒரு சிலிண்டர் செத்திருக்கிறது. தாளை அவ்வப்போது உள்ளே இழுத்தால் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகப்படலாம்.

அடுத்து, எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ரப்பர் பிடி போட்ட குறடால்தான் பிடிக்க வேண்டும். அங்கே ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட். கழற்றிய ஒயரை அந்தரத்தில் விடாதீர்கள். பழைய பிளக் ஒன்றை அதில் சொருகி, பிளக்கின் உடம்பு எஞ்சினில் படும்படி வையுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் வேறு வழி தேடி டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பையோ (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகத்தின் மூடி) காயிலையோ (அந்த உயர் வோல்ட்டை உண்டாக்குவது) பொத்துவிடும். எந்த ஒயரை எடுத்தபோது எஞ்சின் சத்தம் மாறவே இல்லையோ, அதுதான் செத்த சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் விற்ற புதிய பெட்ரோல் கார்களுக்கு புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உண்டு. எரியாத பெட்ரோல் அதில் போய்ச் சேர்ந்தால் சூடேறி அதுவே பழுதாகும்.

மூன்றையும் எடுத்துப் பார்த்தும் ஒரே மாதிரி சத்தம் குறைகிறதா? அப்படியானால் கோளாறு பொதுவான இடத்தில்: காயில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர், பெட்ரோல் வரத்து. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. சிக்னலிலும் மேட்டிலும் ஒரே தொல்லை என்றால் பெரும்பாலும் ஒரு சிலிண்டர் முழுநேரமும் சும்மா இருக்கிறது. கார்புரேட்டரில் ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட் அடைப்போ, எஞ்சினுக்குக் கலவை போகும் மேனிஃபோல்டில் காற்றுக் கசிவோ என்றால் ரேஸ் பண்ணியதும் சரியாகிவிடும். பெட்ரோல் பம்ப் சோர்ந்திருந்தால் ஸ்லோவில் நன்றாக ஓடி வேகத்தில்தான் திக்கும்.

செத்த சிலிண்டரின் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் பிளக்தான்; புதுசாக இருந்தாலும் அதுதான். அட்டைப்பெட்டியை மட்டும் அச்சு அசலாகச் செய்த போலி பிளக்குகள் கடைகளில் தாராளம். பிளக் ஈரமாக, பெட்ரோல் வாடையோடு வந்தால் ஸ்பார்க் வரவில்லை. எண்ணெய் அப்பியிருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. திரும்ப மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும். எஞ்சினின் மேல்பாகமான ஹெட் அலுமினியம், சூட்டில் முறுக்கினால் மரை போய்விடும். கையாலேயே கடைசிவரை திருகி, புது வாஷர் என்றால் அதற்குமேல் அரைச் சுற்று.

மிஸ்ஸிங் இடம் மாறாவிட்டால் ஒயர். மூன்றின் மின்தடையையும் மீட்டரில் அளந்து பாருங்கள். நீளத்துக்கு ஏற்ப அளவு கொஞ்சம் வேறுபடும். ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினாலோ, அசைக்கும்போது முள் குதித்தாலோ அதைத் தூக்கிப் போடுங்கள். ராத்திரி விளக்கை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒயர்கள்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் கசிவு நீலப் பொறியாகக் கண்ணுக்கே தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் உள்பக்கம், இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சில் கோடு போல் கறுப்பாக ஒன்று தெரிகிறதா? அது கார்பன் பாதை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஒரு வாரம் ஓடும், அப்புறம் பழைய கதை. கேப்பையே மாற்றுங்கள். மாட்டும்போது ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-2, டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது 1.

ஸ்பார்க் நன்றாக இருந்தும் சிலிண்டர் செத்தே இருந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். அதற்கு முன் டேப்பட், அதாவது வால்வுக்கு விடும் இடைவெளி. எஞ்சின் ஆறியபோது ஒரு அளவு, சூட்டில் வேறு அளவு. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் ஆட்கள் நிறைய. எல்பிஜியில் ஓடிய வண்டி என்றால் இதுவே முதல் சந்தேகம். வால்வு சீட் தேய்ந்து இடைவெளி குறையும், சூடேறியதும் வால்வு முழுசாக மூடாது. டேப்பட் சரியென்றால் மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் இணைப்பை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்து, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு கேஜில் அளக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றதைவிட 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் குறைந்தால் அதில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளவு எடுங்கள். ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டும் குறைந்திருந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது.

"இந்த வண்டிக்கு இவ்வளவு மெனக்கெடணுமா" என்பவர்களுக்கு ஒன்று. 15 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025இல் 20 வருஷம் தாண்டியதற்கு 10,000. அதைக் கட்டிவிட்டு ஒரு கேப்புக்கும் மூன்று ஒயருக்கும் கணக்குப் பார்ப்பானேன்? ஒயரை வாங்கும்போது செட்டாக வாங்குங்கள்.