வருமான வரி கட்டாதவர்களுக்கு ஏன் என் வரிப்பணத்தில் நலத்திட்டங்கள்?

கேள்வி கேட்டவர் மாதச் சம்பளக்காரர். ஒரு பைசா வரி கட்டாதவர்களுக்கு அரசு தன் பணத்தை வாரிக் கொடுக்கிறது என்கிறார். அவர் ஆதங்கம் புரிகிறது. சம்பளம் கைக்கு வருமுன்பே வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த 'ஒரு பைசா' பேச்சை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பல வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அவர்களிடம் வரியை வாங்கி மாதாமாதம் இருபதாம் தேதிக்குள் அரசுக்குக் கட்டுவதே நான்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் கூலி வாங்கிய கையோடு ஓர் அக்கா கடைக்கு வருவார். சித்தாள் வேலை. குளியல் சோப்பு, பேஸ்ட், ஷாம்பு சாஷே, பிள்ளைகளுக்கு பிஸ்கட். "எவ்வளவு ஆச்சு அண்ணாச்சி?" என்று கேட்டு, எண்ணிக் கொடுப்பார். இந்த நான்குக்குமே 2025 செப்டம்பர் 21 வரை 18 சதவீத ஜிஎஸ்டி. வரி எம்ஆர்பியிலேயே அடங்கிவிடும் என்பதால், அவர் கொடுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 15 ரூபாய் 25 பைசா வரி. மறுநாள் முதல் 5 சதவீதமாகி, நூறுக்கு ஐந்து ரூபாய்க்கும் கீழே இறங்கியது. நல்ல முடிவு, மனதாரச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய எட்டு வருடம் அவர் கட்டியதற்கு, சம்பளக்காரருக்குக் கிடைக்கும் ஃபார்ம் 16 போல வரிச் சான்று எதுவும் கிடையாது. தான் வரி கட்டுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. அவர் போன் ரீசார்ஜுக்கு இன்றும் 18 சதவீதம்தான். கோடீஸ்வரருக்கும் அதே 18.

அரிசிக் கதை இன்னும் மோசம். 2022 ஜூலை 18 முதல், பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத வரி, அதற்கு மேல் போனால் வரி இல்லை. உடனே மில்காரர்கள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தார்கள். மொத்தமாகப் பணம் கொடுத்து மூட்டை வாங்க முடிந்தவருக்கு வரி இல்லை, ஐந்து கிலோ பாக்கெட் வாங்குபவருக்கு உண்டு. இதை என் கல்லாவில் உட்கார்ந்து பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்காது.

விற்பனை வரி நமக்குப் புதிதல்ல. 1939இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி, மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்டக் கொண்டுவந்ததுதான் இந்தியாவின் முதல் பொது விற்பனை வரி. அன்றிலிருந்தே வாங்கித் தின்பவர் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

சரி, அப்படியானால் கட்ட வேண்டிய அளவுக்குக் கட்டாதவர் யார்? கேள்வி கேட்டவர் மேல்பக்கம் பார்க்க வேண்டும் என்பேன். வருமான வரியின் புதிய முறையில் வருடத்துக்கு 24 லட்சத்துக்கு மேல் வரும் சம்பளத்துக்கு 30 சதவீதம். பங்குகளை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபத்துக்கு 12.5 சதவீதம்தான். பரம்பரைச் சொத்துக்கு இருந்த எஸ்டேட் வரியை 1985இல் வி.பி. சிங் எடுத்தார். பணக்காரர்களின் சொத்து மதிப்பின் மேல் வருடாவருடம் போட்ட செல்வ வரியை (வெல்த் டாக்ஸ், வீட்டு வரி அல்ல) 2015இல் அருண் ஜெட்லி எடுத்தார். 2013-14இல் அதில் வசூலானது 1,008 கோடி மட்டுமே. வசூல் குறைவு, நிர்வாகச் செலவு அதிகம் என்று இரண்டு தடவையும் சொன்ன காரணம் அன்றைக்குப் பொய்யில்லை. இன்றைக்கு அது செல்லாது. பங்குகள் டீமேட் என்ற மின்னணுக் கணக்கில் இருக்கின்றன, பத்திரப்பதிவில் பான் எண் இருக்கிறது. ஒரு சித்தாளின் சோப்பில் வரியைப் பிரித்தெடுக்கத் தெரிந்த அரசுக்கு, பத்து கோடிக்கு மேல் பிள்ளைக்குப் போகும் சொத்தைக் கணக்கெடுக்க முடியாதா? அந்த வரி திரும்ப வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாத் திட்டமும் சரி என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கிக் கொடுத்தால் வட்டியும் நம் தலையில்தான். ஆனால் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில்தான் அந்த அக்காவின் சின்ன மகள் இன்று பள்ளியில் சாப்பிடுகிறாள். விடியற்காலையில் சித்தாள் வேலைக்குக் கிளம்பும் அம்மா எப்போது அடுப்பு மூட்டுவார்? அப்புறம் அந்த ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை. பதினைந்தாம் தேதி வாக்கில் வங்கியில் ஏறும். அன்று சாயங்காலமே அக்கா வந்து கடன் நோட்டைத் திருப்பச் சொல்லி, பாக்கியைத் தீர்த்துவிட்டு, மறுபடி சோப்பு வாங்குவார். அதிலும் வரி இருக்கிறது.