விட்டதைப் பிடிக்க விடியும்வரை: மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 36. லண்டன் ஹரோவில் மனைவி, ஐந்து வயது மகளோடு இருக்கிறேன். இரண்டு வருடமாக ஆன்லைனில் போக்கர் என்னும் பணம் வைத்து ஆடும் சீட்டாட்ட டோர்னமென்ட் ஆடுகிறேன். முதல் வருடம் ஒன்றில் மூன்றாவதாக வந்து 2,400 பவுண்ட் கிடைத்தது. கடந்த நான்கு மாதத்தில் 140 டோர்னமென்ட் ஆடி 2,800 பவுண்ட் விட்டுவிட்டேன். போன ஞாயிறு, இன்னும் இரண்டு பேர் வெளியேறினால் பரிசு உறுதி என்ற நிலை. என் கையில் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு கிங். கடைசிக் கார்டாக இன்னொரு கிங் விழுந்து அவர் ஜெயித்துவிட்டார். கண்ணை மூடினால் அந்தக் கார்டுதான் வருகிறது. தூக்கமில்லை, நெஞ்சு இறுகுகிறது, மகள் மேல் எரிந்து விழுகிறேன். விட்டதைப் பிடிக்க 10 பவுண்ட் ஆட்டத்திலிருந்து 50 பவுண்ட் ஆட்டத்துக்குப் போனேன். சொந்தக்காரரோடு கட்டும் மாதச் சீட்டுக்கான 600 பவுண்டும் அதில் போய்விட்டது. மனைவியிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லியிருக்கிறேன். தோல்வியைத் தாங்கும்படி மனதைத் திடப்படுத்துவது எப்படி?

பதில்: முதலில் அந்த நெஞ்சு இறுக்கம். பதற்றத்தால் வந்திருக்க வாய்ப்பு அதிகம். இரவெல்லாம் விழித்திருக்க எனர்ஜி டிரிங்க் குடிப்பவராக இருந்தால் அதுவும் சேர்ந்திருக்கும். ஆனால் 36 வயதில் அதை நீங்களாகவே 'டென்ஷன்' என்று முடிவுகட்டக் கூடாது. இந்த வாரமே உங்கள் ஜிபியை (குடும்ப மருத்துவரை) பார்த்து ஒரு ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள். வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், காத்திருக்காமல் அவசர உதவி எண் 999-ஐ அழையுங்கள்.

இனி போக்கர். இரண்டு ஏஸ் இரண்டு கிங்கிடம் தோற்பது ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை நடக்கிற சாதாரண விஷயம். டோர்னமென்டில் பொதுவாக ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத்தான் பரிசு. சராசரியாக ஆடும் ஒருவர் 140 ஆட்டம் ஆடினால், நடுவில் எங்காவது தொடர்ந்து 20 ஆட்டம் வெறுங்கையோடு எழுந்திருக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. பரிசுத் தொகையின் பெரும்பகுதி முதல் சில இடங்களுக்கே போவதால், நல்ல ஆட்டக்காரருக்கும் மாதக்கணக்கில் நஷ்டம் ஓடும். நீங்கள் சபிக்கப்பட்டவர் இல்லை. தளம் உங்களைக் குறிவைக்கவும் இல்லை.

இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாகவே இருக்கிறது. காரணம், 'இது வெறும் வேரியன்ஸ் (அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம்), திரும்பி வரும்' என்ற இதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டுதான் பலர் வீட்டு வாடகையை வைத்து ஆடுகிறார்கள். கணக்கை முழுதாகப் பாருங்கள். 140 ஆட்டத்துத் தோல்வி நீங்கள் மோசமான ஆட்டக்காரர் என்று நிரூபிக்காது என்றால், ஒரே ஒரு மூன்றாம் இடம் நீங்கள் நல்ல ஆட்டக்காரர் என்றும் நிரூபிக்காது. போன மாதம் விட்ட பணத்தை அடுத்த மாதம் திருப்பித் தரும் கடமை கார்டுக்குக் கிடையாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் தளம் தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டே இருக்கும்.

பரிசுக்கு இரண்டு இடம் முன்னால் வெளியேறியது ஏன் இவ்வளவு வலிக்கிறது? நூலிழையில் தவறவிடும்போது மூளையின் வெகுமதிப் பகுதிகள் வெற்றியில் தூண்டப்படுவதுபோலவே தூண்டப்படுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடம்பு அதை 'தோற்றாய்' என்று எடுத்துக்கொள்ளாமல் 'கிட்டத்தட்ட வந்துவிட்டாய்' என்று எடுத்துக்கொள்கிறது. அந்தத் தூண்டுதல் அடங்குவதற்குள் அடுத்த ஆட்டத்துக்கான பட்டன் கண்முன் நிற்கிறது. போக்கர்காரர்கள் 'டில்ட்' என்று சொல்லும் நிலை இதுதான். அதிகாலை மூன்று மணிக்கு இன்னும் மோசம்: தூக்கமிழந்த மூளை கிடைக்கப்போவதைப் பெரிதாகவும் இழக்கப்போவதைச் சிறிதாகவும் பார்க்கும். அந்த நேரத்தில் எடுத்த 50 பவுண்ட் முடிவை பகல் பதினொரு மணிக்கு நீங்கள் எடுத்திருக்க மாட்டீர்கள்.

மனதைத் திடப்படுத்த வழி கேட்கிறீர்கள். வெறும் தோல்வித் தொடர் மட்டும் என்றால், ஒரு மாதம் ஓய்வு, சின்னத் தொகைக்குத் திரும்புதல், பழைய ஆட்டங்களை நண்பரோடு அலசுதல் என்று சொல்லி முடித்திருப்பேன். உங்கள் கடிதத்தில் வேறு மூன்று விஷயங்கள் இருக்கின்றன: விட்டதைத் துரத்துகிறீர்கள், தொகையைக் கூட்டுகிறீர்கள், மனைவியிடம் மறைக்கிறீர்கள். மனநல மருத்துவத்தில் சூதாட்டக் கோளாறைக் கண்டறிய ஒன்பது அறிகுறிகளைப் பார்ப்போம். ஒரு வருடத்துக்குள் நான்கு இருந்தால் போதும். துரத்துவதும் மறைப்பதும் அதில் இரண்டு. பதற்றம், சோர்வு வரும்போதெல்லாம் ஆட உட்காருவது இன்னொன்று. நிறுத்த முயன்று முடியாமல் போனதும் உண்டா? நேரில் பார்க்காமல் நோய் என்று நான் முத்திரை குத்த மாட்டேன். ஆனால் இந்த நிலையில் தோல்வியைத் தாங்கும் பயிற்சியை உங்களுக்குக் கற்றுத்தர எனக்கு மனமில்லை. அது உங்களை இன்னும் அதிக நேரம் மேசையில் உட்காரவைக்கும்.

ஆகவே ஆட்டத்தை நிறுத்துங்கள். மன உறுதியை நம்பி நிறுத்த வேண்டாம். சூதாட்டத் தளங்களிலிருந்து தன்னைத் தானே விலக்கிக்கொள்ள உதவும் கேம்ஸ்டாப் (GAMSTOP) சேவையில் இலவசமாகப் பதிவு செய்யுங்கள். பிரிட்டனில் உரிமம் பெற்ற எல்லாத் தளங்களும் ஆறு மாதம், ஒரு வருடம் அல்லது ஐந்து வருடம் உங்களை உள்ளே விடாது, நடுவில் மனம் மாறினாலும் விடாது. பெரும்பாலான வங்கிச் செயலிகளில் சூதாட்டப் பணப்பரிமாற்றத்தைத் தடுக்கும் வசதியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் செய்துவிடுங்கள்.

அடுத்தது மனைவி. இது எளிதல்ல என்று தெரியும். மொத்தத் தொகையையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். இன்று ஆயிரம், அடுத்த மாதம் இன்னொரு ஆயிரம் என்று பாதிப் பாதியாக வெளியே வரும்போதுதான் குடும்பத்தில் நம்பிக்கை உடைகிறது. சீட்டுப் பணம் 600 எப்போது கட்டவேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அது அடுத்தவர் காசு, முதலில் அடைக்கவேண்டிய கடன். சில மாதம் கணக்கு வழக்கை அவரே பார்க்கட்டும்.

அந்த கிங் கார்டு மனதில் ஓடும்போது அதை விரட்டாதீர்கள், விரட்டினால் கூடும். பகலில் ஒருமுறை அந்த ஆட்டத்தை முழுதாக எழுதி, 'சரியாக ஆடினேன், தோற்றேன்' என்று முடித்துவிடுங்கள். இரவில் திரும்பி வந்தால், மூச்சை இழுப்பதைவிட இரண்டு மடங்கு மெதுவாக விடுங்கள், ஐந்து நிமிடம். போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். காலை அசைக்காமல் இருக்கமுடியாத 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்' தொல்லைக்காகவோ பார்க்கின்சன் நோய்க்காகவோ பிராமிபெக்சோல் போன்ற மருந்தோ, மனநலத்துக்காக அரிபிப்ரசோலோ எடுக்கிறீர்களா? இவை சிலருக்கு அடக்கமுடியாத சூதாட்ட வேகத்தைக் கிளப்பிவிடும். எடுப்பவராக இருந்தால் திடீரென நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

பிரிட்டனின் தேசிய சூதாட்ட உதவி எண் 0808 8020 133, இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு. இனி வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் 116 123-இல் சமாரிட்டன்ஸ் என்னும் மனத்துயர் உதவி அமைப்பை அழையுங்கள். இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். 2025-இல் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்தாலும், அதன் தண்டனை நடத்துபவர்களுக்கும் விளம்பரம் செய்பவர்களுக்கும் பணப்பரிமாற்றத்துக்கு வழிசெய்பவர்களுக்கும்தான். ஆடியவர் பயந்துகொண்டு உதவி கேட்காமல் இருக்க வேண்டாம்.

ஜிபியிடம் நெஞ்சு இறுக்கத்தைச் சொல்லும்போது போக்கரையும் சேர்த்துச் சொல்லுங்கள். என்எச்எஸ் (பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை) நடத்தும் சூதாட்ட சிகிச்சை மையங்களில் சிபிடி என்னும் பேச்சு சிகிச்சை இலவசமாகக் கிடைக்கும். ஜிபியிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், அந்த மையங்களை நீங்களே நேரடியாகவும் அணுகலாம்.