காமாக் கதிரால் செயலிழக்கச் செய்த பறவைக் காய்ச்சல் தடுப்பூசிக்குக் கோழியின் உடல் எப்படி எதிர்வினை காட்டுகிறது?

தடுப்பூசிக்கான வைரஸைச் செயலிழக்கச் செய்ய, வழக்கமான வேதிப்பொருளான ஃபார்மலினுக்குப் பதிலாகக் காமாக் கதிரைப் பயன்படுத்துவதால் கோழிக்கு என்ன நன்மை என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபார்மலின் வைரஸின் புரதங்களையே ஒன்றோடொன்று பிணைத்து அவற்றின் வடிவத்தை ஓரளவு சிதைத்துவிடுகிறது. கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வெளியிடும் காமாக் கதிரோ முதன்மையாக வைரஸின் உள்ளிருக்கும் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. இழைகளைத் துண்டிப்பதால், வைரஸ் பெருகும் திறனை இழந்த பிறகும் அதன் மேற்பரப்பிலுள்ள ஹீமக்ளூட்டினின் புரதம் பெரும்பாலும் உருக்குலையாமல் நிற்கிறது. கோழியின் நோயெதிர்ப்பு அமைப்பு முக்கியமாக அடையாளம் காண வேண்டியது இந்தப் புரதத்தைத்தான்.

1998 முதல் எச்9என்2 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் வகை பரவிவரும் ஈரானில் இத்தகைய தடுப்பூசியைக் கோழிகளில் சோதித்திருக்கிறார்கள். ஊசியாகப் போட்டால் இரத்தத்தில் வைரஸைப் பிடித்துத் தடுக்கும் புரதமான எதிர்ப்பொருள் உயர்கிறது. மூக்கில் சொட்டாக விட்டால், வைரஸ் நுழையும் சளிச்சவ்விலேயே ஐ.ஜி.ஏ. என்ற வகை எதிர்ப்பொருளைத் தூண்டவும் வாய்ப்புண்டு. என் பார்வையில் இதுவே இம்முறையின் பெரிய பலம்.

எதிர்ப்பொருளை அளப்பது கண்ணால் காணக்கூடிய எளிய சோதனை. தட்டின் சிறு குழிகளில் சீரத்தையும் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்மம்) வைரஸையும் கலந்து, பின்னர் கோழியின் சிவப்பணுக்களைச் சேர்ப்பார்கள். போதிய எதிர்ப்பொருள் இருந்தால் அணுக்கள் அடியில் சிவப்புப் பொத்தான்போலப் படியும், தட்டைச் சாய்த்தால் கண்ணீர்த்துளியாக வழியும். இல்லையென்றால் வைரஸ் அவற்றைப் பிணைத்து வலைபோல விரித்துவிடும். நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒருவகையான டி அணுக்களின் பங்கை இச்சோதனை காட்டாது. அதற்கு, மண்ணீரல் அணுக்கள் வைரஸை எதிர்கொண்டு பெருகுகின்றனவா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.