‘காதலிக்க நேரமில்லை’ படம் உருவான கதையில் உங்களுக்கு மிகவும் பிடித்த தகவல் எது?

எனக்குப் பிடித்த தகவல், அதில் பணக்கார முதலாளியாக நடித்த டி.எஸ்.பாலையாவைச் சுற்றியது. அதற்கு முன் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன்.

ரவிச்சந்திரன் முதலாளி வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, வேலை கேட்டுப் பாட்டாலேயே போராட்டம் நடத்துவாரே, அந்தக் காட்சி கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் எடுத்தது என்று எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் இன்றும் சாதிக்கிறார்கள். அணைப் பூங்காவுக்குப் போனால் போதும், வறுத்த மீனைக் கையில் வைத்துக்கொண்டே மாமா இடத்தையே காட்டிவிடுவார். “அது ஆழியாறு மாமா” என்றால், “நீ பிறக்கவே இல்லை, உனக்கு எப்படித் தெரியும்?” என்பார். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. ஆனாலும் அது பொள்ளாச்சிப் பக்கத்து ஆழியாறு அணைதான்; அங்குள்ள விருந்தினர் மாளிகைதான் படத்தில் பாலையாவின் வீடு.

‘கல்யாணப் பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று பார்ப்பவர்களை அழவைத்தே பெயர் வாங்கியவர் படத்தின் இயக்குநர் ஸ்ரீதர். முழுக்க முழுக்கச் சிரிப்புப் படம் எடுக்கலாம் என்று அவரைத் தூண்டியவர் எழுத்தாளர் சித்ராலயா கோபு. இருவரும் மெரினா கடற்கரையில் உட்கார்ந்து பேசிப் பேசியே கதையை வளர்த்தார்கள். மன்னர் காலத்துக் கதைகளுக்குத்தான் வண்ணம் என்றிருந்த நாளில், நம் காலத்துக் கதையை ஈஸ்ட்மேன் கலரில் எடுத்தார்கள். கதாநாயகன் ரவிச்சந்திரன் புதுமுகம். காஞ்சனா விமானப் பணிப்பெண் வேலையை விட்டு வந்தவர். இந்தத் துணிச்சலை எல்லாம் 1964-இல் செய்தார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி பாலையா. சினிமாப் பித்துப் பிடித்த மகன் நாகேஷ், பணம் போடச் சொல்லி அப்பாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியைப் பார்க்காத தமிழர் இருக்கமாட்டார். இயக்குநர் தாதா மிராசி கதை சொல்லும்போது சத்தங்களையும் வாயாலேயே எழுப்பிக் காட்டுவாராம். அந்தப் பாணியைப் பார்த்துத்தான் இந்தக் காட்சி பிறந்தது என்பார்கள். யோசித்துப் பாருங்கள்: பேய் இல்லை, இருட்டு இல்லை, தனியாகப் போட்ட அரங்கம் இல்லை. நாகேஷின் தொண்டையும் கைகளும் மட்டுமே. புகழ் முழுவதும் அவருக்கே போய்விட்டது.

ஒருமுறை ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு, பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள். முதலில் ‘உருப்படாத பிள்ளை’ என்ற அலட்சியம். பிறகு கண் லேசாக நிமிரும். கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்த இடத்திலேயே ஒடுங்கத் தொடங்குவார். எவ்வளவு பெரிய பணக்காரர், எவ்வளவு அதட்டல் போடும் அப்பா. அந்த ஆள் கண்ணெதிரே குழந்தையாகிவிடுவார். அவர் பயப்படுவதால்தான் நாம் சிரிக்கிறோம். அவர் நம்பவில்லை என்றால் நாகேஷ் செய்வது வெறும் சேட்டையாகப் போயிருக்கும். இத்தனைக்கும் பாலையா வில்லனாகப் பெயர் எடுத்தவர். எம்.ஜி.ஆருக்கு முதல் படமான ‘சதி லீலாவதி’யில் (1936) வில்லன் இவர்தான். நாகேஷ் சினிமாவுக்கு வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே அடுத்தவரை மிரட்டிப் பழகிய முகம், இங்கே மிரள்கிறது. அந்த முகத்தை இந்த வேடத்துக்குத் தேர்ந்தெடுத்ததுதான், என் கணக்கில், படத்திலேயே பெரிய புத்திசாலித்தனம்.

ஸ்ரீதரே இதை இந்தியில் ‘பியார் கியே ஜா’ (1966) என்று எடுத்தார். நாகேஷ் வேடத்தில் மெஹ்மூத், பாலையா வேடத்தில் ஓம் பிரகாஷ். மெஹ்மூத்துக்குச் சிறந்த நகைச்சுவை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. கதை சொன்னவருக்கு விருது. உட்கார்ந்து கேட்டவருக்கு அங்கேயும் ஒன்றும் இல்லை.